கல்லைப் பார், கடலை அப்புறம் பார்: மழை முடியும் பருவத்தில் வடசென்னைத் தூண்டில் வளைவில் மீன் பிடிக்க முழு வழிகாட்டி

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எண்ணூர் விரைவுச் சாலையில் போய்ப் பாருங்கள். காசிமேடு தாண்டி எர்ணாவூர் வரை, கரையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கல் மேட்டில் அங்கங்கே ஆட்கள் ராடும் கையுமாக நிற்பார்கள். ஒருவர் காலில் ரப்பர் செருப்பு இருக்கும். இன்னொருவர் லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார். பக்கத்துக் கல்லில் பத்து வயதுப் பையன் இறால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு மாதம் கடல் ஆடிய ஆட்டத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி வரும் பருவம் இது. கல்லில் வழுக்கி விழுவதும் இந்தப் பருவத்தில்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். கொந்தளிக்கிற கடலுக்குப் பக்கத்தில் யாரும் போவதில்லை. அடங்கின மாதிரி தெரியும் கடல்தான் ஆளைக் கீழ்க் கல்லுக்கு இறக்குகிறது.

நானும் அப்படித்தான் இறங்கினேன். சில வருஷங்களுக்கு முன், தை மாதம், விடியற்காலை. கடல் தட்டு மாதிரி கிடந்தது. கிழங்கான் கடிக்கிறது என்று யாரோ சொல்ல, தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் போய் நின்றேன். மேலே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இன்னாபா, கடலையே பாத்துனுகீறே? கல்ல பாரு" என்றார். என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஓர் அலை, பெரியதுகூட இல்லை, முழங்கால் வரை ஏறிவிட்டு இறங்கியது. அது ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது செருப்பு என் காலைவிட்டு முன்னால் போனது, நான் இரண்டு கல்லுக்கு நடுவே இடுப்பு வரை போனேன். சிப்பி கிழித்த முழங்காலில் ஆறு தையல். ராடு கடலோடு போனது. மேலே இருந்த இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருக்காவிட்டால் அடுத்த அலை தலைக்கு மேல் வந்திருக்கும்.

நான் நின்ற கல் பச்சையாக இருந்திருக்கிறது. அந்தப் பச்சைதான் பெரியவர் பார்க்கச் சொன்னது. இந்த வழிகாட்டியில் வருவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தக் கல் எப்படி வந்தது

இது தெரிந்தால் பாதி எச்சரிக்கை தானாக வந்துவிடும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்துவரும் மணல் அங்கேயே தடுக்கி நின்றது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து மணல் வரத்து குறைந்து கரை அரித்துக்கொண்டே போனது. அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கல் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீட்டிய கல் வரிசைகளைக் கட்டினார்கள். அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். பெயரில் தூண்டில் இருந்தாலும் அது பிடிக்க வேண்டியது மணலை. நாம் நின்று மீன் பிடிப்பதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. சிமென்ட் போட்டுப் பூசாத, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கற்கள் அவை. கீழே மணல். புயல் ஒன்று வந்து அடிமணலை அள்ளிக்கொண்டு போனால் மேலே இருக்கும் கல் உட்காரும், புரளும். போன வருஷம் அசையாமல் இருந்த கல் இந்த வருஷம் ஆடும்.

இன்னொரு விஷயம். வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது திரும்பி வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அப்போது தூண்டில் வளைவின் வடபக்கம் மணல் சேரும், தென்பக்கம் பள்ளமாகும். ஆடி மாதம் முழங்கால் ஆழத்தில் நின்ற தென்பக்கத்தில் தை மாதம் ஆள் உயரத் தண்ணீர் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கலங்கல் தண்ணீர்தான்.

முதல் நாள் ராத்திரி பார்க்க வேண்டியது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஐப்பசி, கார்த்திகை கொட்டித் தீர்த்ததும் மழை முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். ஆனால் வர்தா புயல் கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 ராத்திரி. மிக்ஜாம் சென்னையை முக்கியது 2023 டிசம்பர் முதல் வாரம். கடைசியில் வருவது சின்னதாக இருக்கும் என்று கடலிடம் நாம் எழுதி வாங்கவில்லை.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் 1-ஆம் எண் கூண்டு என்று செய்தியில் வந்தால், தூரத்தில் எங்கோ தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே வெயில் அடிக்கும், காற்றே இருக்காது. பலர் ஏமாறுவது இந்த நாளில்தான். புயல் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அது கிளப்பிய நீண்ட அலை அதற்கு முன்பே கரைக்கு வந்து சேரும். என் கணக்கு எளிது: எந்த எண் கூண்டாக இருந்தாலும் ராடு பரணில்.

கூண்டு இல்லாத நாளில் வானிலை மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கையைப் படியுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் கரைவாரியாக அலை முன்னறிவிப்பு தருகிறது. அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று அலை உயரம். அங்கே போட்டிருப்பது பெரிய அலையின் உயரம் இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போட்ட சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், நாள் முழுவதும் நிற்பவர் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அலை ஒன்றையாவது பார்க்கக்கூடும். இரண்டாவது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, விநாடிக் கணக்கில். ஐந்தாறு விநாடி என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய சில்லறை அலை. பத்துப் பன்னிரண்டு விநாடி என்றால் எங்கோ தூரத்தில் பிறந்து வரும் நீண்ட அலை. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் நீண்ட அலை கல்லில் அதிக தூரம் ஏறும். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

நான் ஒரு மீட்டர் உயரம், எட்டு விநாடி இடைவெளி தாண்டினால் போவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கறார். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர்தான். குஜராத் மாதிரி கடல் மைல் கணக்கில் ஓடிப்போய்த் திரும்புவதில்லை. ஆனால் கல்லில் ஒரு மீட்டர் என்பது இரண்டு கல். நீங்கள் காய்ந்த கல்லில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஆறு மணி நேரத்தில் கடல் அந்த இரண்டு கல்லையும் வாங்கிக்கொள்ளும்.

எந்த இடம், எந்தப் பக்கம்

துறைமுகச் சுவரிலும் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்பிலும் ஏறாதீர்கள். அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். நான்கு கால் கொண்ட டெட்ராபாட் கட்டைகளின் இடுக்கில் விழுந்தவரை வெளியே எடுப்பது பெரும்பாடு என்பது இன்னொன்று.

வாடை வீசும் வரை அலை வடகிழக்கிலிருந்து வரும். தூண்டில் வளைவின் வடமுகம் அடி வாங்கும், தென்முகம் அமைதியாக இருக்கும். அதனால் எல்லாரும் தென்பக்கம் நிற்பார்கள். சரிதான். ஆனால் மாசி நெருங்க நெருங்கக் காற்று திரும்பும். காலையில் வாடை இருந்தாலும் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்காற்று எழும்பும். ஒரு மாதமாகப் பத்திரமாக நின்ற அதே இடம் சாயங்காலம் நாலு மணிக்கு அலையின் நேர்முகமாகிவிடும். பருவக் கடைசியின் பெரிய ஏமாற்று இதுதான். போன வாரம் நின்ற இடம் என்பது ஒரு காரணமே இல்லை.

தூண்டில் வளைவின் முனைக்குப் போகாதீர்கள். கொடுவா அங்கேதான் கடிக்கும், தெரியும். ஆனால் முனையில் மூன்று பக்கமும் அலை. திரும்பி வர ஒரே பாதை, அதன் மேலும் அலை ஏறும். தண்டின் நடுப்பகுதியில் நின்றாலே பன்னா, கெளுத்தி, கிழங்கான், அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மீன் கிடைக்கும்.

எண்ணூர் முகத்துவாரம் தனி விவகாரம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். மழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் வாரங்களில் கடல் வற்றும்போது ஆற்றின் இழுப்பும் வற்றத்தின் இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே ஓடும். கணுக்கால் தண்ணீரில் நின்று வீசலாம் என்று இறங்குபவரின் காலடி மணலை அது உருவிவிடும். தாழங்குப்பம், நெட்டுக்குப்பத்துக்காரர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று பார்த்து, அங்கே மட்டும் நில்லுங்கள். அவர்களும் இறங்காவிட்டால் நீங்களும் இறங்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இங்கே வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கும். பெருமழைக்குப் பிறகு தண்ணீரில் பளபளவென்று படலம் தெரிந்தாலோ மண்ணெண்ணெய் வாசம் வந்தாலோ தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்த மீனும் வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்), ஈயக்குண்டு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

காலில் ரப்பர் அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ, கயிறு கட்டியது. ரப்பர் செருப்பு கூடவே கூடாது. ஷூவுக்கு மேலே பழைய பருத்திச் சாக்ஸ் ஒன்றை இழுத்து மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். என்னை "இன்னா, ஷூவுக்கு ஜட்டியா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஈரக் கல்லில் வெறும் ரப்பரைவிடத் துணி நன்றாகப் பிடிக்கும். ஒரு நாளில் சாக்ஸ் கிழிந்துவிடும், போகட்டும். இவ்வளவு போட்டாலும் பச்சைக் கல்லில் கால் வைக்கலாம் என்று அர்த்தமில்லை, தெரியாமல் வைத்துவிட்டால் ஒரு விநாடி அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

லுங்கி, ஜீன்ஸ் வேண்டாம். லுங்கி காலைக் கட்டும், ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அரைக்கால் சட்டை போதும். மிதவைச் சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கி, ராடு என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இதற்கு மட்டும் யோசிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அப்புறம், கேன். காலியான 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று. அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். தண்ணீர் எதற்கு என்றால், காலி கேனைக் காற்றுக்கு எதிராக வீச முடியாது, திரும்பி நம் காலடியிலேயே விழும். கொஞ்சம் கனம் இருந்தால் பறக்கும். கைப்பிடியில் இருபது மீட்டர் கயிறு கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அது தண்ணீரில் மூழ்கும். படகுக்காரர்கள் வாங்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடையில் மிதக்கிற கயிறு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீரில் கிடக்கும் ஆளைத் தலை மேலே வைத்துக்கொள்ள நாலு கிலோ சொச்சம் மிதப்பு அநேகமாகப் போதும். அதை அந்தக் கேன் கொடுக்கும்.

எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் டொரண்டோவில் இருக்கிறான். அங்கே ஏரி உறைந்ததும் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். நாலு அங்குலம் கெட்டியான தெளிந்த பனி இருந்தால் ஆள் நடக்கலாமாம். ஆனால் மார்ச் மாதப் பனி ஒரு அடி கனம் இருந்தாலும் உள்ளே இற்றுப் போயிருக்கும், நம்பக்கூடாது என்கிறான். அதனால் கழுத்தில் கயிறு கட்டி இரண்டு கூர் ஆணி தொங்கவிட்டிருப்பார்கள், உள்ளே விழுந்தால் பனி விளிம்பில் குத்தி ஏறுவதற்கு. அவனுக்கு ஆணி, எனக்குக் கேன். அங்கே விழுந்தவரைக் குளிர் கொல்லும். நம் கடலில் தை மாதத்திலும் குளிர் ஒரு பொருட்டில்லை. இங்கே கொல்வது கல்லில் அடிபடுவது.

மிச்சம்: விசில், தலையில் மாட்டும் டார்ச், நரம்பை வெட்ட ஒரு கத்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், டார்ச்சை மறக்காதீர்கள். சரக்கு வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பிரசங்கம் ஆகிவிடும்.

அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்

இதைச் செய்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வந்ததும் ராடை விரிக்காதீர்கள். சாலையோரம், மேல் கல்லில் உட்கார்ந்து டீ குடியுங்கள். கடலில் அலை ஒரே சீராக வராது. சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும், நடுவில் நாலைந்து பெரியது சேர்ந்து வரும், பிறகு மறுபடி அடங்கும். அந்தக் கூட்டம் எப்போது வரும் என்பது நாளுக்கு நாள் மாறும். சில நாள் கால் மணிக்கு ஒரு தடவை, சில நாள் இன்னும் தாமதமாக. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு இறங்குபவர் பார்த்தது சின்ன அலைகளை மட்டும்.

பார்க்கும்போது கடலைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். கல்லில் நிறங்கள் அடுக்காக இருக்கும். மேலே காய்ந்து சாம்பலாக வெளுத்த கல். அதற்குக் கீழே நனைந்து கறுத்த கல். அதற்கும் கீழே பச்சை. அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டிய சொரசொரப்பான பகுதி. ஒவ்வொன்றும் ஒரு சேதி. சாம்பல் என்றால் இன்று அங்கே அலை வரவில்லை. கறுப்பு என்றால் சற்று முன்புவரை வந்திருக்கிறது. பச்சை என்றால் தினமும் வருகிறது, பாசி பிடிக்குமளவு. மழைக்காலத்தில் மேகமூட்டமும் ஈரமும் சேர்ந்து பாசி மேலே மேலே ஏறும். மழை நின்று வெயில் அடித்தால் மேலாகக் காய்ந்து பழுப்பாகிவிடும், பார்த்தால் வெறும் கல் போல இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மறுபடி வழுவழு. எனக்கு ஆறு தையல் போட்டது அந்தக் கல்தான். சந்தேகம் இருந்தால் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி விரலால் தேயுங்கள். விரல் வழுக்கினால் காலும் வழுக்கும்.

இப்போது ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் வந்த மிகப் பெரிய அலை எந்தக் கல்லை நனைத்ததோ, அதற்கு இரண்டு கல் மேலே. அதுதான் உங்கள் இடம். அங்கிருந்து வீசினால் தூண்டில் விழ வேண்டிய இடத்துக்குப் போகாது என்று தோன்றினால், அன்றைக்கு அந்த இடம் உங்களுக்கு இல்லை. நீளமான ராடு வாங்கலாம், கனமான ஈயம் போடலாம். கீழே இறங்குவது மட்டும் தீர்வு ஆகாது.

நடப்பதும் நிற்பதும்

ஒவ்வொரு கல்லையும் முதலில் ஒரு காலால் அழுத்திப் பார்த்து, ஆடவில்லை என்றால் எடையை மாற்றுங்கள். ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும். ராடு ஒரு கையில், மீன் கூடை இன்னொரு கையில் என்று வந்தால் விழும்போது பிடிக்கக் கை இருக்காது. பொருட்களை இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள். கல்லுக்குக் கல் தாவ வேண்டாம். இடுக்குகளில் கிடக்கும் அறுந்த வலையும் நரம்பும் காலைச் சுற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீசும்போது பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். கொக்கி கண்ணில் பட்டால் அதற்கு மருந்து இந்த வழிகாட்டியில் இல்லை. கைத்தூண்டில் போடுபவர்கள் நரம்பை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். திருக்கை மாட்டினால் அது இழுக்கிற இழுப்பில் விரல் அறுபடும், இல்லையென்றால் ஆளே இறங்க வேண்டிவரும். நரம்பைக் கட்டையிலோ பாட்டிலிலோ சுற்றி, கையில் லேசாகப் பிடியுங்கள்.

பெரிய மீன் மாட்டிய நொடியில்தான் மனிதனுக்குப் புத்தி கெடும். கொடுவா கல்லுக்கு அடியில் வந்துவிட்டது, இன்னும் நாலடி, கையால் எடுத்துவிடலாம் என்று கீழே இறங்குவோம். நீளக் கைப்பிடி வலை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எட்டவில்லை என்றால் அலை ஏறும்வரை காத்திருந்து, ஏறுகிற அலையோடு மீனை மேல் கல்லுக்கு இழுத்து விடுங்கள். நரம்பு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். கொக்கி கல்லில் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான்: பத்து ரூபாய்க் கொக்கியை எடுக்க யாரும் பச்சைக் கல்லுக்கு இறங்க வேண்டாம், நரம்பை வெட்டுங்கள்.

இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளியில் அதை நிமிர்த்திப் பிடித்து நிற்பது வீட்டு மாடியில் இடிதாங்கியைக் கட்டிப்பிடிப்பதற்குச் சமம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆன பிறகு திரும்பி வரலாம்.

தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேர் போனால் ஒருவர் வீசும்போது இன்னொருவர் கடலைப் பார்க்கட்டும். பெரிய அலை வருவது தெரிந்தால் ஒரு சத்தம். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் சாலையை ஒட்டிய மேல் கல்லுக்குக் கீழே விடாதீர்கள்.

விழுந்துவிட்டால்

நீங்கள் விழுந்தால், முதலில் தோன்றுவது திரும்பக் கல்லைப் பிடித்து ஏறுவதுதான். அடுத்த அலை உங்களைத் தூக்கி அந்தக் கல்லிலேயே அடிக்கும். ஒரு கனமீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல். அதனால் முதலில் கல்லைவிட்டு விலகுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளிப்போய் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள். விசில் இருந்தால் ஊதுங்கள், ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

தூண்டில் வளைவை ஒட்டி ஓர் இழுப்பு கடல் பக்கமாக ஓடும். கரைக்கு வந்த தண்ணீர் கல்லோரமாகத் திரும்பி வெளியே போகும் வழி அது. அதற்கு எதிராக நீந்தினால் நல்ல நீச்சல்காரரும் ஓய்ந்துவிடுவார். அந்த இழுப்பு உங்களை அடிக்கு இழுக்காது, வெளியே மட்டும் கொண்டுபோகும். விட்டுவிடுங்கள். வேகம் குறைந்ததும் கரைக்கு இணையாக, கல்லைவிட்டு விலகும் திசையில் நீந்தி, மணல் தெரியும் இடத்தில் கரை ஏறுங்கள். எர்ணாவூர்ப் பக்கம் இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் திட்டு இருக்கும் இடங்கள் உண்டு. எங்கே என்பதை விழுவதற்கு முன்பே, டீ குடிக்கும்போதே பார்த்து வையுங்கள்.

விழுந்தது இன்னொருவர் என்றால், குதிக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு பேராகப் போவது இப்படித்தான். கேனை அவர் தலைக்குப் பின்னால் விழுமாறு வீசிக் கயிற்றை மெல்ல இழுங்கள், கைக்கு வரும். அவரைக் கல்லுக்கு நேராக இழுக்காமல், கயிற்றோடு நீங்கள் நடந்து மணல் பக்கம் கொண்டுபோங்கள். கூட இருப்பவரை 112-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. பக்கத்துக் குப்பத்துக்கு ஆள் அனுப்புவது இவை எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் வேலை செய்யும். ஃபைபர் படகு ஒன்று இறங்கினால் பத்து நிமிஷத்தில் ஆளிடம் இருக்கும். இதற்காகவே, வரும்போது கரையில் இருப்பவர்களிடம் "அண்ணே, இந்தப் பக்கம் நிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எதுவும் வேண்டாம். சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். மூழ்கியவருக்குத் தேவை காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, தாடையைத் தூக்கி, முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல், மறுபடி முப்பது. நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது என்ற வேகம். 108 வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தானாக மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்தாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலை காட்டும்.

முள்ளும் வெட்டும்

கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கும் முள்ளில் விஷம் உண்டு. ஓராவுக்கும் அப்படியே. திருக்கைக்கு வாலில். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, குத்துப்பட்ட இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வலி நன்றாகக் குறையும். வலியில் சூடு தெரியாது, அதனால் குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். சாலையோர டீக்கடையில் கேட்டால் வெந்நீர் கிடைக்கும். முள் ஆழமாகப் போயிருந்தாலோ நெஞ்சு, வயிறு பக்கம் குத்தியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி. பேத்தை (பலூன் மாதிரி ஊதும் மீன்) மாட்டினால் விட்டுவிடுங்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது.

சிப்பி கிழித்த காயத்தை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மழைக்குப் பிறகு வடிகால் தண்ணீர் முழுக்க இந்தக் கரையில்தான் வந்து சேருகிறது. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். காயம் மறுநாள் சிவந்து வீங்கினாலோ, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ, கடலுக்குப் போன விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

கிளம்பும்போது

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். கடைசியாக ஒரே ஒரு வீச்சு என்று யாராவது ஆரம்பித்தால் அது ஏழு மணி வரை போகும். அதற்குள் கல்லின் நிறம் தெரியாமல் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் கறுப்புக் கல்லும் பச்சைக் கல்லும் ஒன்றுதான்.

அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போடுங்கள், அடுத்த வாரம் அது உங்கள் காலையே சுற்றும். வீட்டுக்கு வந்ததும் ஷூவை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். கேனை அப்படியே வாசலில் மாட்டி வையுங்கள், கயிற்றை அவிழ்க்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு தடவை அந்தக் கேன் கடலை எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போய்விட்டது. அதிலிருந்து அதன் மேல் சிவப்புப் பெயின்டில் பெரிதாகக் கடல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.